பத்து முட்டுக்கட்டை

20, 291, 271, 91, 59, 26, 11, 5, 3, 1.

இந்தப் பத்து எண்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சின்னதாக ஒன்று, உடனே பெரிதாக இரண்டு, பிறகு ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகத் தேய்ந்து தேய்ந்து ஒன்றில் வந்து நிற்கிறது. ரோஸெட்டா என்ற ஐரோப்பிய விண்கலம் 67பி/சூரியுமோவ்–கெராசிமென்கோ என்ற வால்மீனை நெருங்கியபோது, 2014ஆம் ஆண்டு மே 7 முதல் ஆகஸ்ட் 6 வரை, தன் வேகத்தை எந்தெந்த அளவில் மாற்றிக்கொண்டது என்பதன் கணக்கு இது. அலகு, விநாடிக்கு இத்தனை மீட்டர். எல்லாம் முழு எண்ணாக்கியவை.

முதலில் வரும் 20 ஒரு வெள்ளோட்டம். 2011 ஜூன் முதல் 2014 ஜனவரி 20 வரை, இரண்டரை ஆண்டுக்கு மேல், கலம் உறக்கத்தில் கிடந்தது. விழித்த பிறகு உந்திகள் ஒழுங்காக எரிகின்றனவா என்று பார்க்க வேண்டாமா? அதற்காக ஒரு சின்ன எரிப்பு. இரண்டு வாரம் கழித்து மே 21 அன்று 291. ஜூன் 4 அன்று 271. ஜூன் 18 அன்று 91. ஜூலை 2, 9, 16, 23 என வாரம் தவறாமல் 59, 26, 11, 5. ஆகஸ்ட் 3 அன்று 3, ஆகஸ்ட் 6 அன்று 1.

நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால் இன்னொரு சின்ன அழகு தெரியும். பத்தில் ஒன்பது புதன்கிழமை. ஆகஸ்ட் 3 மட்டும் ஞாயிறு. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்காரர்களுக்கு ஒன்பது புதன் கிடைத்திருக்கிறது.

இனி, பள்ளிக்கூடக் கேள்வி. மே 7 அன்று கலத்துக்கும் வால்மீனுக்கும் இடையே 19 லட்சத்து 18 ஆயிரம் கிலோமீட்டர். வால்மீனைப் பொறுத்துக் கலத்தின் வேகம் விநாடிக்கு 775 மீட்டர். ஆகஸ்ட் 6 அன்று தூரம் 100 கிலோமீட்டர், வேகம் ஓர் ஆள் நடக்கும் வேகம், அதாவது விநாடிக்கு ஒரு மீட்டர் அளவு. இந்த 91 நாளில் கலம் வால்மீனை நெருங்கிய சராசரி வேகம் என்ன?

அவசரக்காரர்கள் 775ஐயும் 1ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 388 என்பார்கள். வேகம் ஒரே சீராகக் குறைந்திருந்தால் அது சரி. ஆனால் சராசரி வேகம் என்பது கடந்த தூரத்தைப் பிடித்த நேரத்தால் வகுத்தது, வேறு எதுவுமில்லை. 91 நாள் என்பது 78 லட்சத்து 62 ஆயிரத்து 400 விநாடி. வகுத்தால் விநாடிக்கு சுமார் 244 மீட்டர் வருகிறது.

388க்கும் 244க்கும் நடுவே உள்ள அந்த 144 மீட்டர் பள்ளத்தில்தான் இந்தப் பயணத்தின் சூட்சுமம் முழுவதும் கிடக்கிறது. வேகத்தின் பெரும்பகுதியை முன்கூட்டியே கழித்துவிட்டார்கள் என்று அந்தப் பள்ளம் சொல்கிறது. எவ்வளவு முன்கூட்டி? கட்டம் கட்டமாகப் பார்க்கலாம். மே 7க்கும் 21க்கும் இடையே சுமார் 9 லட்சத்து 13 ஆயிரம் கிலோமீட்டர் குறைந்தது. அந்தப் பதினான்கு நாளின் சராசரி 755. வெள்ளோட்டத்தில் கழிந்த 20ஐ 775இலிருந்து எடுத்தால் வருவதும் அதே 755தான். தூரத்தை வகுத்து வந்த எண்ணும் வேகத்தைக் கழித்து வந்த எண்ணும் இப்படி ஒன்றாக வந்து நிற்கும்போது ஏற்படும் நிறைவு கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியும். மே 21இலிருந்து ஜூன் 4 வரை சராசரி ஏறத்தாழ 480. அடுத்த பதினான்கு நாள் 190. அதற்கடுத்த பதினான்கு நாள் 118.

இத்துடன் 56 நாள் ஆகிவிட்டது. இந்த 56 நாளின் சராசரி மட்டும் 386. மிச்சம் இருக்கும் தூரமோ 52 ஆயிரம் கிலோமீட்டருக்குள். அதைக் கடக்க 35 நாள் எடுத்துக்கொண்டார்கள். சராசரி வெறும் 17. பயணக் காலத்தில் சரிபாதி கழிந்த ஜூன் மூன்றாம் வாரத்திலேயே தூரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தீர்ந்துவிட்டது. மீதிப் பாதிக் காலமும் அந்தக் கடைசிப் பத்தில் ஒரு பங்குக்குத்தான்.

நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், தேர் நிலைக்கு வருவதைச் சொல்லலாம். நேர் வீதியில் ஓட விட்டு, நிலை நெருங்க நெருங்க முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்து நடப்பார்களே, அந்தக் கவனம் இந்த எண் வரிசையில் இருக்கிறது. முதல் கட்டைகள் தேரின் வேகத்துக்கு. கடைசிக் கட்டைகள் தேர் நிற்க வேண்டிய இடத்துக்கு.

ஒரேயடியாக மே மாதத்திலேயே முழுவதையும் கழித்திருக்கலாமே என்று கேட்கலாம். விநாடிக்கு ஒரு மீட்டர் என்ற வேகத்தில் 19 லட்சம் கிலோமீட்டரைக் கடக்க அறுபது ஆண்டு ஆகும். கடைசி 35 நாளின் 17 மீட்டர் வேகத்தில் போனாலும் மூன்றரை ஆண்டு. சரி, கடைசி நாள் வரை ஓடவிட்டு மொத்தமாகக் கழித்திருந்தால்? ரோஸெட்டாவில் பெரிய என்ஜின் எதுவும் இல்லை. 24 சின்ன உந்திகள். ஒவ்வொன்றின் விசையும் 10 நியூட்டன், அதாவது கையில் ஒரு கிலோ அரிசிப் பையைப் பிடித்தால் உணரும் பாரம். மே 21 அன்று 291 மீட்டரைக் கழிக்க அவை ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிந்தன. ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் குறைந்தது சுமார் ஒரு சென்டிமீட்டர். இந்த விகிதத்தில் 775ஐயும் ஒரே மூச்சில் கழிக்க ஏறத்தாழ இருபது மணி நேரம் போதும். வால்மீனுக்கு 27 ஆயிரம் கிலோமீட்டர் முன்னால் தொடங்கினால் சரியாக வந்து நின்றுவிடலாம். காகிதத்தில் அழகான விடை. ஆனால் அந்த இருபது மணி நேரத்தில் ஓர் உந்தி முரண்டு பிடித்தால், கலம் வால்மீனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். பத்தாண்டுப் பயணம் அத்தோடு சரி. ஆகவே பெரிய தொகையை முதலில் அடைத்துவிட்டு, சில்லறையைக் கடைசி வரை வைத்துக்கொண்டார்கள். ஒரு புதன் தவறினாலும் அடுத்த புதனுக்குள் சரிசெய்ய இடம் இருக்க வேண்டும் என்ற பதற்றமில்லாத முன்யோசனை அது. எனக்கு இதில் பொறியியலைவிடக் குடித்தனப் புத்திதான் அதிகம் தெரிகிறது.

அந்த 244 என்ற சராசரி வேகத்தில் கலம் உண்மையில் எப்போதாவது போனதா? போனது. ஜூன் 4 அன்று, ஆறரை மணி நேரத்துக்கும் மேல் நீடித்த எரிப்பின்போது, 480இலிருந்து 190க்கு இறங்கும் வழியில், 244ஐத் தொட்டுக் கடந்தது. அதை ஒட்டிய வேகத்தில் இருந்தது சில நிமிடம். மூன்று மாதப் பயணத்தின் சராசரி என்று நாம் எழுதி அடிக்கோடிடும் எண், அந்த மூன்று மாதத்தில் சில நிமிடம் மட்டுமே உயிரோடு இருந்த எண்.

எரிப்புகளைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். பத்தும் சேர்ந்து 778. இருந்த வேகமே 775தானே? முழு எண்ணாக்கியதில் சிறிது போயிருக்கலாம். ஆனால் வேகத்துக்குத் திசையும் உண்டு என்பதுதான் பெரிய காரணம். ஓடுகிற திசைக்கு நேர் எதிராகத் தள்ளினால்தான் தள்ளியது முழுவதும் கழியும். கொஞ்சம் சாய்த்துத் தள்ளினால் கழிவது குறைவு, பாதை திரும்புவது அதிகம். பாதையைத் திருத்திக்கொண்டே வேகத்தையும் குறைத்ததால் கழித்தல் கணக்கு ரூபாய் அணா போல நேராக வராது. அதே காரணத்தால்தான் 755இலிருந்து 291ஐக் கழித்தால் 464 வர, தூரக் கணக்கு ஏறத்தாழ 480 என்கிறது.

திசையின் விளையாட்டை இன்னும் கொஞ்சம் ரசிக்கலாம். மே மாதத்தில் அந்த வால்மீன் சூரியனைச் சுற்றி விநாடிக்குப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. கலமும் கிட்டத்தட்ட அதே ஓட்டம். இரண்டும் விநாடிக்கு 14 கிலோமீட்டர் என்று அச்சடித்தாற்போல ஒரே வேகத்தில் ஓடினாலும், இரண்டின் திசைகளுக்கும் நடுவே மூன்று டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான கோணம் இருந்தால் போதும், சார்பு வேகம் 775 மீட்டராகிவிடும். கடிகாரத்தில் நிமிட முள் அரை நிமிடத்தில் நகரும் கோணம் அது. ஆக, 775 என்பது யாருடைய வேகமும் இல்லை. இரண்டு பெரிய வேகங்களுக்கு நடுவிலிருக்கும் சின்ன இடுக்கு.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஆகஸ்ட் 6 வந்தபோது வால்மீனும் கலமும் சூரியனைப் பொறுத்து மணிக்கு சுமார் 55 ஆயிரம் கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 15.3 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. சூரியனை நோக்கி விழுகிற பொருளுக்கு வேகம் கூடத்தானே செய்யும்! மூன்று மாதமாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்த கலம், சூரியனிலிருந்து பார்த்தால் மூன்று மாதமாக வேகம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு கூற்றும் உண்மை. அந்த 91 நாளில் கலம் விண்ணில் கடந்த பாதை சுமார் 11 கோடி கிலோமீட்டர். வால்மீனிடம் நெருங்கியது 19 லட்சம்.

இத்தனை நுட்பமான எண்களை யார் அளந்தது? கலத்தில் வேகமானி கிடையாது. கலம் அனுப்பும் வானொலி அலையின் அலைவெண் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, பூமியைப் பொறுத்துக் கலத்தின் வேகத்தை மிகத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் நியூ நார்சியாவில் உள்ள 35 மீட்டர் கிண்ணம் போன்ற ஆன்டெனாக்கள் செய்தது இதை. ஆனால் வால்மீன் வானொலி பேசாது. அது எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். 2014 மார்ச் 20, 21 தேதிகளில், 50 லட்சம் கிலோமீட்டர் தூரத்திலிருந்து, கலத்தின் ஒசிரிஸ் கேமரா, உறக்கம் கலைந்த பிறகு முதன்முறையாக வால்மீனைப் பார்த்தது. நான்கு கிலோமீட்டர் அளவுள்ள பொருள் அந்தத் தூரத்தில் படத்தின் ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது. பின்னணி நட்சத்திரங்களுக்கு நடுவே அந்தப் புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று படம் படமாக அளந்துதான் பாதையைத் திருத்தினார்கள்.

அந்தப் படங்களே நமக்கும் மைல்கல். ஜூலை 14 அன்று 12 ஆயிரம் கிலோமீட்டரிலிருந்து எடுத்த படத்தில்தான் வால்மீன் ஒற்றை உருண்டையில்லை, இரண்டு கட்டிகள் ஒட்டிக்கொண்ட உருவம் என்று தெரிந்தது. ஜூலை 29இல் எடுத்த படம் 1,950 கிலோமீட்டரிலிருந்து. ஆகஸ்ட் 3இல் 285 கிலோமீட்டரிலிருந்து. படத்தின் கீழே போட்டிருக்கும் தேதியையும் தூரத்தையும் வைத்துக்கொண்டே யாரும் கணக்குப் போடலாம். ஜூலை 29க்கும் ஆகஸ்ட் 3க்கும் இடையே ஐந்து நாளில் 1,665 கிலோமீட்டர்: விநாடிக்கு 3.9 மீட்டர். ஆகஸ்ட் 3க்கும் 6க்கும் இடையே மூன்று நாளில் 185 கிலோமீட்டர்: விநாடிக்கு 70 சென்டிமீட்டர். வால்மீனின் முகத்தில் பள்ளமும் பாறையும் தெளியத் தெளிய, வேகம் குழந்தை நடைக்கு இறங்கியிருக்கிறது.

இந்த நிதானத்தின் அருமை தெரிய, நிதானமே இல்லாத ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1986 மார்ச் 14. ஹாலி வால்மீனை ஜியோட்டோ என்ற கலம் 596 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. ஹாலி, கோள்கள் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சூரியனைச் சுற்றுவது. எதிரெதிரே வந்ததால் இரண்டு வேகமும் கூடிச் சார்பு வேகம் விநாடிக்கு 68.4 கிலோமீட்டர் ஆனது. அந்த வேகத்தில் ஒரு கிராம் தூசு மோதினால், விநாடிக்கு 68 மீட்டர் வேகத்தில் ஒரு டன் எடை மோதுகிற ஆற்றல். அதனால்தான் கலத்தின் முன்னால் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடும், கால் மீட்டர் அளவு இடைவெளி விட்டுப் பின்னால் கனத்த கெவ்லார் கவசமும் வைத்தார்கள். அப்படியும், மிக நெருங்கிய கணத்துக்குச் சில விநாடி முன் ஒரு துகள் மோதிக் கலம் தள்ளாடிவிட்டது.

ஜியோட்டோவுக்குச் சராசரி வேகம் கேட்பதில் என்ன இருக்கிறது, மாறாத வேகம்தானே என்று தோன்றும். இங்கேதான் இன்னொரு நயம். சார்பு வேகம் மாறவில்லை. நெருங்கும் வேகம் மாறியது. கலம் நேராக வால்மீன் மேல் பாயவில்லை, 596 கிலோமீட்டர் ஒதுங்கிப் போகும் கோட்டில் போனது. எனவே தூரத்தை செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகப் போட வேண்டும். நெருங்கிய கணத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் தூரம் 4,147 கிலோமீட்டர். அந்தக் கடைசி நிமிடத்தில் நெருங்கிய சராசரி வேகம் விநாடிக்கு 59 கிலோமீட்டர். கடைசிப் பத்து விநாடிக்கு மட்டும் போட்டால் 31. கடைசி ஒரு விநாடிக்குப் போட்டால் நான்குக்கும் சற்றுக் கீழே. அந்தக் கணத்தில் சுழி. 68 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டே, நெருங்கும் வேகம் சுழியாகி, மறு விநாடியே விலகத் தொடங்குகிறது. எந்த உந்தியும் எரியவில்லை, யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை. வெறும் வடிவியல் செய்த வேலை. பிதாகரஸ் தேற்றத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து பாடப்புத்தகத்தில் இல்லை. அங்கே இன்னும் சுவரில் ஏணி சாய்ந்துகொண்டிருக்கிறது.

ரோஸெட்டாவுக்குத் திரும்புவோம். நூறு கிலோமீட்டரில் வந்து நின்றதும் அது வால்மீனைச் சுற்றத் தொடங்கிவிட்டது என்று நினைப்போம். சுற்றவில்லை. வால்மீனின் நிறை சுமார் ஆயிரம் கோடி டன். கேட்கப் பெரிதாக இருக்கிறது. நூறு கிலோமீட்டர் தூரத்தில் அந்த ஈர்ப்பில் கட்டுண்டு வட்டமடிக்க வேண்டுமானால் வேகம் விநாடிக்கு எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கலாம். அதைவிட வேகமாகப் போகிற எதையும் பிடித்து வைக்கும் வலு அதற்குப் பெரிதாக இல்லை. ஆகவே கலம் வால்மீனுக்கு முன்னால் முக்கோணம் முக்கோணமாக நடந்தது. ஒரு பக்கம் சுமார் நூறு கிலோமீட்டர். கடக்க மூன்று நான்கு நாள். மூலைக்கு மூலை உந்தியைச் சற்றே எரித்துத் திரும்பல். இந்தத் திருப்பங்களும் புதனும் ஞாயிறும்தான். இப்படி நடந்து நடந்து, பாதை எவ்வளவு வளைகிறது என்று பார்த்து வால்மீனின் நிறையைக் கணித்தார்கள். செப்டம்பரில் 30 கிலோமீட்டருக்குள் இறங்கிய பிறகே உண்மையான சுற்றுப்பாதை. அங்கே வேகம் விநாடிக்கு 15 சென்டிமீட்டர்.

நவம்பர் 12 அன்று ஃபிலே என்ற சிறு இறங்குகலம், வால்மீனின் மையத்திலிருந்து 22.5 கிலோமீட்டரில் பிரிந்து ஏழு மணி நேரம் விழுந்தது. பிரித்துவிட்ட தள்ளல் விநாடிக்கு 19 சென்டிமீட்டர். தரை தொட்டது ஒரு மீட்டர் வேகத்தில். பற்றிக்கொள்ள வேண்டிய ஈட்டிகள் இயங்காமல் போக, விநாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் துள்ளி எழுந்தது. அந்த மண்ணிலிருந்து தப்பியோட அரை மீட்டர் அளவு வேகம் போதும். பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருந்த காரணத்தால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து ஃபிலே திரும்ப வால்மீனிலேயே வந்து விழுந்தது. 775ஐக் கழித்துக் கழித்து வந்த பயணத்தில் கடைசியில் பன்னிரண்டு சென்டிமீட்டர் காப்பாற்றியது!

2016 செப்டம்பர் 30 அன்று ரோஸெட்டாவே இறங்கியது. முந்தின நாள் இரவு 19 கிலோமீட்டர் உயரத்தில் பாதையை மாற்றி, பதினான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக விழுந்து, சுமார் 90 சென்டிமீட்டர் வேகத்தில் தரை தொட்டது. சராசரியைப் போட்டால் விநாடிக்கு 38 சென்டிமீட்டர். ஃபிலே துள்ளிய அதே எண், தற்செயலாக. 2014இன் நெருக்கத்தில் தொடக்கம் வேகம், முடிவு மெது. இந்தமுறை தலைகீழ். உந்தி எதுவும் குறுக்கிடாததால் வால்மீன் தன் சின்ன ஈர்ப்பால் இழுத்த இழுப்புக்குக் கலம் மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்துப் போயிற்று. கடைசிப் படம் எடுத்தபோது உயரம் சுமார் 20 மீட்டர். படத்துக்கும் தரைக்கும் நடுவே எத்தனை விநாடி என்று 38 சென்டிமீட்டரை வைத்துப் போட்டால் 53 வரும். அது தப்பு; அந்த உயரத்தில் சராசரி செல்லுபடியாகாது, கடைசி வேகத்தைத்தான் எடுக்க வேண்டும். 90ஆல் வகுத்தால் 22 விநாடி.